எட்டாவது பீட்டா பாதுகாப்புக் குழு

“என் பூனை இப்போதெல்லாம் கம்ப்யூட்டர் பக்கமே வருவதில்லை. இதற்கு நீங்கள்தான் பொறுப்பு.”

ஏழாவது பீட்டாவுக்கு வந்த புகார்களில் மரியாதையானது இதுதான்.

மற்றவை எல்லாம் வேறு ரகம். “திரையை மூட இத்தனை வருஷமாக வலது மூலையில் இருந்த பெருக்கல் குறியை இடது மூலைக்கு மாற்றிவிட்டீர்கள். இப்போது என் வீட்டுக் கதவையே தப்பான பக்கம் தள்ளுகிறேன்” என்று ஒருவர். “மூலைகளை வட்டமாக்கியது யார்? அந்த ஆளின் முகவரி வேண்டும்” என்று இன்னொருவர். “நான் இன்னும் இதை நிறுவவில்லை. ஆனால் சகிக்கவில்லை” என்று மூன்றாமவர்.

கம்பெனி தயாரிப்பது ஓர் இயங்குதளம். கணினியைத் திறந்ததும் தெரியும் திரை, அதன் கீழே ஓடும் பட்டை, படங்கள், பொத்தான்கள் எல்லாம் அதன் சங்கதி. வேலை முழுதாக முடியும் முன்பே, செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு அரைவேக்காட்டுப் பதிப்பை, விரும்பிக் கேட்டவர்களுக்கு மட்டும் அனுப்புவார்கள். அதுதான் பீட்டா. வாங்கிப் பார்த்துவிட்டு, அவர்கள் கருத்து சொல்ல வேண்டும். கம்பெனி கருத்து என்று கேட்டதை அவர்கள் வசவு என்று புரிந்துகொண்டிருந்தார்கள்.

மாடியில் ஒரு பட்டாளமே சேர்ந்து செய்வதைக் கீழ்த்தளத்தில் ஒருத்தி ஊருக்கு அனுப்பிவைத்தாள். அதனால் அவளுக்கு ‘தபால்’ என்று பெயர். சேர்ந்து ஒரு வருடம் ஆகப்போகிறது, இன்னும் தற்காலிகம்தான். இந்த மாதக் கடைசியில் நிரந்தரம் ஆக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்வார்கள். நிரந்தரம் ஆனால்தான் இடமாற்றம் கேட்க முடியும். இடமாற்றம் கிடைத்தால்தான் வேறு ஊரில் வேலை பார்க்கும் கணவனோடு ஒரே வீட்டில் இருக்க முடியும். கல்யாணமானதிலிருந்து அவள் மாமனார் மாமியாரோடுதான் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள்.

மாமியாரோடு ஒரு தொந்தரவும் இல்லை. மாமனார்தான், பீட்டா வாங்குகிறவர்.

அவர் ஓய்வுபெற்ற நில அளவையாளர். ஊரில் அளக்க நிலம் தீர்ந்துபோனதால் கம்ப்யூட்டர் திரையை அளக்க ஆரம்பித்திருந்தார். ஒவ்வொரு பதிப்பு வந்ததும் ஒரு மர ஸ்கேலைத் திரையில் வைத்து, பட்டை எத்தனை மில்லிமீட்டர், பொத்தான் எத்தனை மில்லிமீட்டர் என்று குறித்து, கம்பெனியின் கருத்து மேடையில் போடுவார். அங்கே அவருக்குக் ‘கறார்’ என்று புனைபெயர். கறார் எழுதினால் உடனே நூறு பேர் “ஆமாம்” போடுவார்கள்.

“ஏம்மா, உங்க ஆபீஸ்ல எல்லாரும் முட்டையில இருந்தா பொறந்தாங்க? எதைப் பாத்தாலும் உருண்டையா இருக்கு!” என்றார் ஏழாவது வந்த அன்று.

“நான் அனுப்புறதோட சரி மாமா. செய்றது மாடியில.”

“எய்தவன் இருக்கட்டும், நீயும்தான கூட நிக்கிற.”

மாமியார் தையல் வேலை செய்பவர். குழந்தைகளுக்கான கவுன் மாதிரிகளைக் கம்ப்யூட்டரில் பார்த்து வெட்டுவார். பார்த்து முடித்ததும் சாளரத்தை மூட, பழைய இடத்தில் பெருக்கல் குறியைத் தேடினார். இல்லை. எழுந்து போய்ச் சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தார். மூடிவிட்டது. அன்றிலிருந்து அவருக்கு அதுதான் வழி.

“அப்படி அணைக்கக்கூடாது! உள்ள கெட்டுப்போயிடும்!” என்று கத்தினார் மாமனார்.

“வெளிய ஏற்கெனவே கெட்டுத்தான கிடக்கு?” என்றார் மாமியார்.

அலுவலகத்தில் இந்த வட்ட மூலைகளுக்கெல்லாம் சொந்தக்காரர் வடிவமைப்புத் தலைவர். அவர் கைபட்ட எதுவும் கூராக இருக்காது. மேஜை, நோட்டுப் புத்தகம், கண்ணாடி எல்லாம் வட்டம். ஊழியர்கள் அவரை ‘வட்டம் சார்’ என்றார்கள். முகத்துக்கு நேரே இல்லை.

புகார்கள் குவிந்ததும் இயக்குநர் அம்மா அவரைக் கூப்பிட்டுச் சொன்னார்: “எட்டாவது பீட்டாவுலயும் ஜனங்க இப்படியே கத்தினா, மொத்தத்தையும் பழைய மாதிரி மாத்திடுவேன். உங்களையும் சேர்த்து.”

வட்டம் சார் ஒரு வாரம் தூங்கவில்லை. பட்டாளத்தையும் தூங்கவிடவில்லை. பெருக்கல் குறியை வலது பக்கம் திருப்பிக் கொண்டுபோனால் தோற்றுப்போனதாக அர்த்தம் என்பதால் அது இடது பக்கமே இருக்கட்டும் என்றார். ஆனால் அதைக் கொஞ்சம் பெரிதாக்கினார், சிவப்பை அடர்த்தியாக்கினார். மூலைகளின் வளைவைப் பாதியாகக் குறைத்தார். எழுத்துகளைத் தடிமனாக்கினார். இப்படி ஒரு நீளமான பட்டியலைச் செய்து, கூடவே “உங்கள் குரல் கேட்டது” என்ற தலைப்பில் ஒரு குறிப்பும் எழுதினார். பதிப்போடு அந்தக் குறிப்பும் போகும்.

இந்த இடத்தில் அந்த அலுவலகத்தின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். மாடியில் வேலை முடிந்ததும் ஃபைலுக்கு ‘இறுதி’ என்று பெயர் வைப்பார்கள். அரைமணி நேரத்தில் வட்டம் சார் எதையாவது மாற்றச் சொல்வார். அடுத்தது ‘உண்மையான இறுதி’. அதன்பிறகு ‘இதுதான் இறுதி’. சாயங்காலம் ஆகும்போது ‘சத்தியமாக இறுதி’ வரை போய்விடும். பதிப்பின் எண் மட்டும் உள்ளே இருக்காது. தபால்தான் கடைசியில் கடிதத்துக்கு முத்திரை குத்துவதுபோல எண்ணைப் பதித்து அனுப்ப வேண்டும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஃபோல்டரில் இரண்டு ‘சத்தியமாக இறுதி’கள் கிடந்தன. ஒன்று போன வாரத்துச் சத்தியம், இன்னொன்று இந்த வாரத்துச் சத்தியம். மாடியிலிருந்து வட்டம் சார் தொலைபேசியில் “போச்சா? போச்சா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் ஒன்றை எடுத்தாள், எட்டு என்று முத்திரை குத்தினாள், அனுப்பினாள்.

மறுநாள் காலை அவள் கூடத்துக்கு வந்தபோது மாமனார் திரைக்கு முன்னால் கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

“வாம்மா, வா! வந்து பாரு! நான் கத்துனது வீண்போகலை. மூலை எப்படி நறுக்குனு இருக்கு பாத்தியா? சிவப்பைப் பாரு, சிவப்பை! கண்ணுல ஒத்திக்கலாம்!”

“நிஜமாவா மாமா?” அவளுக்கு மனம் குளிர்ந்தது. “உங்களுக்கு எப்படி இருக்கு அத்தை?”

மாமியார் எட்டிப் பார்த்தார். “எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே.”

“கட்டின புருஷன் மீசையை எடுத்தப்பவே ஒரு வாரம் கழிச்சுத்தான் உனக்குத் தெரிஞ்சுது. நீ பேசாதே” என்றார் மாமனார்.

கருத்து மேடையிலும் அதே கொண்டாட்டம். “இரண்டு மாதத் தலைவலி நின்றுவிட்டது” என்று ஒருவர் எழுதியிருந்தார். ஏழாவது வந்தே ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. “கம்ப்யூட்டர் விசிறியின் சத்தம்கூடக் குறைந்திருக்கிறது.” “எழுத்தின் தடிமன் அபாரம்.” எதிர்க்கட்சியும் இருந்தது: “ஏழாவதே தேவலை. இந்தச் சிவப்பு கண்ணைக் குத்துகிறது.” பூனைக்காரரும் எழுதியிருந்தார். பூனை திரும்பி வந்துவிட்டதாம்.

அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். வட்டமான கேக். இயக்குநர் அம்மா ஒரு பேட்டியில், “மக்கள் பேசினார்கள், நாங்கள் கேட்டோம். எட்டாவது பீட்டாவில் நானே வித்தியாசத்தை உணர்ந்தேன்” என்று சொன்னார்.

தபால் கேக்கை வாயில் போட்டுக்கொண்டே பழைய ஃபைல்களை ஒழுங்குபடுத்த உட்கார்ந்தாள். அனுப்பியதை ஒரு பக்கம் நகர்த்தினாள். மிச்சம் இருந்த ‘சத்தியமாக இறுதி’யின் தேதியைப் பார்த்தாள். மெல்வதை நிறுத்தினாள்.

இந்த வாரத்து ஃபைல் போகவே இல்லை. போனது ஏழாவது. போன வாரம் ஊரே காறித் துப்பிய அதே ஏழாவது, ஒரு புள்ளிகூட மாறாமல்.

மாதக் கடைசிக்கு அதிக நாள் இல்லை. வேறு யாராவது சொல்லி வெளியே தெரிந்தால், நிரந்தரமும் போச்சு, இடமாற்றமும் போச்சு, தற்காலிகமும் போச்சு.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அங்கே வேறு கூத்து. மாமனார் திரையில் ஸ்கேலை வைத்து அளந்துகொண்டிருந்தார். முகம் சரியில்லை.

“என்ன மாமா?”

“பெருக்கல் குறியைப் பெருசாக்கியிருக்கோம்னு குறிப்புல போட்டிருக்கான். கண்ணுக்கும் பெருசாத்தான் தெரியுது. ஆனா ஸ்கேல்ல போன வாரத்து அளவேதான் வருது.”

“அப்படின்னா ஒருவேளை மாறவே இல்லையோ என்னவோ, மாமா?”

“சேச்சே! நூறு பேர் சொல்றாங்க, பொய்யா சொல்வாங்க? ஸ்கேல் தேஞ்சுபோச்சும்மா. மரம்தானே.” மாமியாரின் தையல் டேப்பைக் கேட்டு வாங்கி அளந்தார். அதுவும் அதே கணக்கைத்தான் சொன்னது. “துணி டேப். இழுத்து இழுத்து நீண்டிருக்கு.”

“அதை வெச்சுத்தான் ஊர்ல பாதிக் குழந்தைங்களுக்குக் கவுன் தைக்கிறேன். எல்லாம் சரியாத்தான் இருக்கு” என்றார் மாமியார்.

“குழந்தைங்க வளரும். சரியாயிடும்.”

மறுநாள் தபால் நேரே மாடிக்குப் போய், வட்டம் சாரின் அறைக் கதவைச் சாத்திவிட்டு, நடந்ததைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். மறுபடி கழற்றினார்.

“அப்ப எதைப் பாத்துப் பாராட்டுறாங்க?”

“போன வாரம் திட்டினதைத்தான் சார்.”

“என் சிவப்பு?”

“ஃபோல்டர்லயே இருக்கு சார்.”

“வேற யாருக்குத் தெரியும்?”

“எங்க வீட்டு ஸ்கேலுக்குத் தெரியும்.”

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஜன்னல் பக்கம் போய் நின்றார். திரும்பியபோது முகத்தில் ஒரு ஒளி வந்திருந்தது. “இப்படிப் பாரும்மா. ஒண்ணுமே செய்யாததுக்கே இவ்வளவு கொண்டாடுறாங்கன்னா, நிஜமா செஞ்சதைப் பாத்தா என்ன பண்ணுவாங்க? அடுத்த வாரம் அந்த ஃபைலை ஒன்பதுன்னு போட்டு அனுப்பிடு. குறிப்புல ‘சிறு பழுதுகள் சரிசெய்யப்பட்டன’னு மட்டும் போடு. கதை முடிஞ்சுது.”

“மேடம்கிட்ட சொல்ல வேண்டாமா சார்?”

“பேட்டி குடுத்திருக்காங்கம்மா! அவங்க மூஞ்சில கரி பூசச் சொல்றியா? உன் நிரந்தரத்துக்கு நான் பொறுப்பு. வாயைத் திறக்காதே.”

அவள் திறக்கவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை ஒருமுறைக்கு மூன்றுமுறை தேதியைப் பார்த்து, சரியான ஃபைலை எடுத்து, ஒன்பது என்று முத்திரை குத்தி அனுப்பினாள்.

ஊர் பற்றிக்கொண்டது.

“எட்டாவதில் எவ்வளவு அழகாக இருந்தது! கெடுத்துவிட்டீர்களே!” “மூலையில் கை வைத்தால் கிழித்துவிடும் போலிருக்கிறது.” “சிறு பழுது என்று சொல்லிப் பெரிய பழுதை அனுப்பியிருக்கிறீர்கள்.” தலைவலிக்காரருக்கு மறுபடி தலைவலி. பூனை மறுபடி காணாமல் போனது. வசவு ஏழாவதுக்கு வந்ததைவிட இரண்டு மடங்கு.

இந்தப் போராட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் கறார். ‘எட்டாவது பீட்டா பாதுகாப்புக் குழு’ என்று ஒன்றை ஆரம்பித்து, அதற்குத் தலைவர், செயலாளர் இரண்டும் தானே என்று அறிவித்திருந்தார். முதல் தீர்மானம், எட்டாவதைத் திருப்பிக் கொடு. இரண்டாவது தீர்மானம், ஒன்பதாவதை அனுப்பியவரை வேலையைவிட்டு நீக்கு.

“மாமா, ஒன்பதாவதை அனுப்பினது நான்தான்” என்றாள் அவள்.

மாமனார் ஸ்கேலை எடுத்து ஓரமாக வைத்தார். “குழுவோட தீர்மானம்மா. தனிப்பட்ட முறையில எனக்கு உன்மேல ஒண்ணும் இல்ல.”

“வீட்டுக்கு விளக்கேத்த வந்தவ வேலைக்கே உலை வெக்கிறீங்களே, நீங்க நல்லா இருப்பீங்களா?” என்று தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்கினார் மாமியார்.

“தீர்மானம் போட்டாச்சு. இனிமே வாபஸ் வாங்கணும்னா செயற்குழு கூடணும்.”

“செயற்குழு யாரு?”

“நான்தான்.”

“அப்ப கூடுங்க!”

கூடவில்லை. அடுத்த நாள் இயக்குநர் அம்மாவின் அறையில் வேறொரு கூட்டம் கூடியது. வட்டம் சாரும் தபாலும் நின்றுகொண்டிருந்தார்கள்.

“எட்டு அவ்வளவு நல்லா இருந்துதே. ஒன்பதுல என்னங்க பண்ணித் தொலைச்சீங்க?” என்றார் இயக்குநர் அம்மா.

வட்டம் சார் தபாலைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னார். “மேடம், நாங்க ஒண்ணும் பண்ணலை. இந்தப் பொண்ணு தப்பான ஃபைலை அனுப்பிடுச்சு.”

தப்பு செய்தபோது கேக் கொடுத்தார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக மூன்றுதடவை சரிபார்த்து அனுப்பியதற்கு இதோ, தலையில் கல்லைத் தூக்கிப் போடுகிறார்கள்.

“உண்மையா?” என்றார் இயக்குநர். மேஜைமேல் அவளுடைய நிரந்தர ஆணை கையெழுத்துக்காகக் கிடந்தது. பேனாவை மூடி வைத்தார்.

“உண்மைதான் மேடம். தப்பான ஃபைலைத்தான் அனுப்பினேன். ஆனா இந்த வாரம் இல்ல. போன வாரம்.”

வட்டம் சார் இருமினார். பெரிய இருமல்.

“என்ன உளர்றே? போன வாரம் வந்ததை நானே பாத்தேன். பொத்தான் எடுப்பா இருந்துது. பேட்டியிலயே சொன்னேனே!”

“ரெண்டே நிமிஷம் குடுங்க மேடம்.”

அவள் இரண்டு மடிக்கணினிகளைக் கொண்டுவந்து மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். “ஒண்ணு ஏழாவதுன்னு அனுப்பினது. ஒண்ணு எட்டாவதுன்னு அனுப்பினது. எது எதுன்னு நீங்களே சொல்லுங்க.”

இயக்குநர் அம்மா குனிந்து பார்த்தார். உடனே விரலை நீட்டினார். “இது ஏழு. பாத்தாலே மங்கலா, அழுதுவடியுது. இது எட்டு. என்ன தெளிவு! சார், நீங்க சொல்லுங்க.”

வட்டம் சார் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

“ரெண்டுமே ஏழுதான் மேடம். ஒரே ஃபைல். நம்பரை மட்டும்தான் மாத்தினேன்.”

“அப்ப எட்டு எங்க?”

“ஊரே இப்பத் திட்டுதே, ஒன்பதுன்னு. அதுதான்.”

இயக்குநர் அம்மா இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்தார். மேஜைத் துணியால் ‘மங்கலான’ திரையை ஒருமுறை துடைத்தும் பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்தார்.

“சார், உங்களுக்கு இது எப்பத் தெரியும்?”

“அது வந்து மேடம்... ஒரு யூகமா...”

“எனக்குத் தெரிஞ்ச மறுநாளே மாடிக்குப் போய் சார்கிட்ட சொல்லிட்டேன் மேடம்” என்றாள் தபால்.

“நீங்க வெளிய இருங்க, சார்.”

அவர் போனார். கதவைத் தப்பான பக்கம் தள்ளி, பிறகு சரியான பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.

இயக்குநர் அம்மா இரண்டு மடிக்கணினிகளையும் மூடினார். பிறகு பேனாவைத் திறந்து ஆணையில் கையெழுத்துப் போட்டார். “தப்பை அனுப்பினப்பக் கொண்டாடினாங்க. சரியானதை அனுப்பினா துப்புறாங்க. அதனால இனிமே தப்பையே அனுப்பு. அந்த ஏழாவதைப் பத்துன்னு போட்டு விடு. அதுதான் கடைசி. அதையே விற்பனைக்கும் கொண்டுபோயிடலாம். இந்தா, நீ நிரந்தரம்.”

அவள் கையை நீட்டி வாங்கினாள். “மேடம், ஒரு இடமாற்றம்... என் வீட்டுக்காரர் ஊர்ல நம்ம கிளை இருக்கு.”

“இடமாற்றமா? இவ்வளவு தெரிஞ்ச ஆளை இன்னொரு ஊருக்கு அனுப்பிட்டு நான் நிம்மதியா இருக்க முடியுமா? நீ இங்கயே, என் கண்ணு முன்னாடியே இரும்மா. எத்தனை வருஷம் வேணும்னாலும் இரு.”

வாங்கிய காகிதம் கையில் கனத்தது. நிரந்தரம் என்றால் இந்த அர்த்தமும் உண்டு என்று அவள் நினைத்திருக்கவில்லை.

“குறிப்புல என்ன மாற்றம்னு எழுதுறது மேடம்?”

“ஏதாவது எழுது. எவன் படிக்கிறான்?” என்றார் இயக்குநர். அவர் ஏற்கெனவே தொலைபேசியை எடுத்துவிட்டார்.

தபால் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். கோபத்தில் விரல்கள் தாமாகவே ஓடின.

“பத்தாவது பீட்டா. இது ஏழாவது பீட்டாதான். முன்பு எட்டாவது என்று வந்ததும் இதுதான். ஒரு புள்ளிகூட மாறவில்லை. பாராட்டியவர்களுக்கும் திட்டியவர்களுக்கும் நன்றி.”

செவ்வாய்க்கிழமை அதை அப்படியே சேர்த்து அனுப்பினாள். நாளைக்குக் காலையில் ஊர் கொதிக்கும். இயக்குநர் அம்மா கொதிப்பார். வேலை போகும். போகட்டும், முதல் பஸ்ஸைப் பிடித்துக் கணவனிடம் போய்விடலாம். வீட்டுக்கு வந்ததும் பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கி, பாதி துணிகளை அடுக்கியும் வைத்தாள்.

காலையில் கூடத்தில் மாமனாரின் குரல் உச்சத்தில் இருந்தது.

“ஜெயிச்சுட்டோம்! எட்டாவதைவிடப் பிரமாதம்! மூலையைப் பாரு, வெண்ணெய் மாதிரி!”

அவள் ஓடிவந்தாள். “குறிப்பு படிச்சீங்களா மாமா?”

“படிச்சேன், படிச்சேன். ஒரு புள்ளிகூட மாறலையாம்! யார்கிட்ட கதை விடுறான்? இவ்வளவு மாத்திட்டு, மாத்தினேன்னு சொல்லிக்க வெட்கம். நாங்க மிரட்டித்தான் மாத்தினாங்கன்னு வெளிய தெரியக்கூடாதாம்!”

“இல்ல மாமா, அது நிஜம். அதை எழுதினதே நான்தான்.”

“உன்னை அப்படி எழுதச் சொல்லியிருப்பாங்க. நீ என்னம்மா பண்ணுவே, பாவம்.”

கருத்து மேடையிலும் அதே கதை. பாதிப் பேர் கம்பெனியின் தன்னடக்கத்தை மெச்சினார்கள். மீதிப் பேர், மாற்றங்களை மறைக்கிறார்கள் என்று பொங்கி, தாங்களே கண்டுபிடித்த மாற்றங்களை நீளமாகப் பட்டியல் போட்டிருந்தார்கள். பூனை திரும்பி வந்துவிட்டது.

அவளுடைய தொலைபேசி அடித்தது. இயக்குநர் அம்மா. அவள் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள்.

“குறிப்பு அபாரம்மா! என்ன துணிச்சல், என்ன நகைச்சுவை! இனிமே எல்லாக் குறிப்பையும் நீயே எழுது. வட்டத்தை நான் கிளைக்கு மாத்திட்டேன்.”

“எந்தக் கிளை மேடம்?”

அவர் ஊர் பெயரைச் சொன்னார். கணவன் இருக்கும் ஊர்.

அவள் உள்ளே போய், அடுக்கிய துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாள். காலிப் பெட்டியைப் பரண்மேல் தள்ளிவிட்டுத் திரும்பி வந்தபோது மாமனார் புதிதாக வாங்கிய இரும்பு ஸ்கேலைத் திரையில் வைத்து, மூக்கு ஒட்டும் அளவுக்குக் குனிந்திருந்தார்.

“இதுவும் அதே அளவுதான் காட்டுது” என்று முணுமுணுத்தார். “கடைக்காரன் ஏமாத்திட்டான்.”

மாமியார் கவுன் மாதிரியைப் பார்த்து முடித்து எப்போதோ ஆகியிருந்தது. கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு எழுந்தார். போகிற போக்கில் சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டினார். திரை இருண்டது.

“ஏய்! அளந்துக்கிட்டு இருக்கேன்ல!”

“அணைச்சாலும் அளவு அதேதான் இருக்கும். அளந்துக்குங்க” என்றார் மாமியார்.